40 நோடுகளுக்கு ஒரே ஃபர்ம்வேர்: திரும்ப அனுப்புவதா, கோடிங் சேர்ப்பதா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தோப்பு முழுக்க மண் ஈரம் அளக்கும் 40 லோரா நோடுகள் (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் ரேடியோ பொருத்திய சின்னக் கருவிகள்), எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கேட்வே, அதாவது அவற்றோடு பேசும் மைய நிலையம். நோடுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புது வடிவம் 20 கிலோபைட். 200 பைட் துண்டுகளாக வெட்டினால் 100 துண்டு. சராசரியாகப் பத்துக்கு ஒரு பாக்கெட் தொலைகிறது. தொலைந்ததைத் திரும்ப அனுப்பினால் போதாதா, துண்டுகளைக் கலந்து கூடுதல் பாக்கெட்டுகள் அனுப்பி இழப்பை ஈடுகட்டும் எரேஷர் கோடு, ஃபவுண்டன் கோடு என்கிறார்களே அதெல்லாம் எதற்கு, சிப்பிலேயே பிழைதிருத்தம் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடிப் பதில்: ஒரே ஒரு நோடுக்கு அனுப்புவதாக இருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. தொலைந்ததைத் திரும்ப அனுப்புங்கள், வேறெதுவும் வேண்டாம். ஒரே நேரத்தில் 40 பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. அது ஏன் மாறுகிறது என்று பிடிபட்டுவிட்டால், எந்தக் கோடு என்பது இரண்டாம்பட்சக் கேள்வியாகிவிடும்.

முதலில் சிப்பில் இருக்கும் பிழைதிருத்தத்தைத் தள்ளி வைத்துவிடுவோம், அது செய்வது வேறு வேலை. லோராவில் கோடிங் ரேட் என்று 4/5 முதல் 4/8 வரை ஒரு செட்டிங் இருக்கிறது. ஒவ்வொரு 4 பிட்டோடும் 1 முதல் 4 பிட் வரை கூடுதலாகச் சேர்த்து அனுப்புவது அது. 4/5, 4/6 இரண்டும் பிழை நேர்ந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும், திருத்தாது. 4/7, 4/8 இரண்டும் ஹாமிங் கோடு வகை, ஒரு பிட் தவறினால் திருத்திவிடும். பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல் வெளியிட்ட கோடுதான் இதன் மூலம். அவர் வார இறுதிகளில் ரிலே கணினியில் வேலையைப் போட்டுவிட்டுப் போவார். ஆள் இல்லாத நேரத்தில் பிழை கண்டதும் இயந்திரம் அந்த வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும், திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் ஏன் தெரியக்கூடாது? அந்த எரிச்சலில் பிறந்த கோடு அது.

ஆனால் இதெல்லாம் ஒரு பாக்கெட்டுக்குள் நடப்பவை. திருத்த முடியாத அளவு கெட்டுப்போன பாக்கெட்டை ரிசீவர் முழுசாகத் தூக்கிப் போட்டுவிடும். பொதுவாக அந்த முடிவை எடுப்பது சிஆர்சி, அதாவது பாக்கெட்டோடு வரும் சரிபார்ப்பு எண். லோராவின் மேல் ஓடும் நெட்வொர்க் விதிமுறையான லோராவானில் கேட்வேயிலிருந்து நோடுக்கு வரும் பாக்கெட்டுகளுக்கு சிஆர்சி கூடக் கிடையாது, செய்தி மாறவில்லை என்று உறுதிசெய்யும் 4 பைட் எம்ஐசிதான் அங்கே காவல்காரர். இன்னும் சில பாக்கெட்டுகளில் தொடக்கத்தில் வரும் பிரியாம்பிளையே நோடு பிடித்திருக்காது. அப்படிப்பட்ட பாக்கெட்டுக்குள் எத்தனை ஹாமிங் பிட் இருந்தாலும் பயனில்லை. அதனால் கோடிங் ரேட்டை 4/8-க்கு ஏற்றலாமா என்று கேட்டால், உங்கள் வேலைக்கு வேண்டாம் என்பேன். பாக்கெட்டின் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், கிடைக்கும் லாபமோ கொஞ்சம். அந்தக் கூடுதல் நேரத்தை மேலடுக்கில், அதாவது பாக்கெட்டுகளைக் கையாளும் உங்கள் புரோகிராமில், செலவழித்தால் பலன் அதிகம்.

மேலடுக்கில் நிலைமை ரொம்ப எளிமை. துண்டு ஒன்று முழுசாகச் சரியாக வந்திருக்கும், அல்லது வந்தே இருக்காது. தப்பான துண்டு என்று ஒன்று இல்லை. இதைத்தான் எரேஷர் சேனல் என்கிறோம். பீட்டர் எலியாஸ் 1955-ல் இந்த மாதிரியை முன்வைத்தபோது அது கணித வசதிக்கான கற்பனை போலத்தான் இருந்தது. பாக்கெட் நெட்வொர்க்குகள் வந்த பிறகு நிஜ உலகமே அப்படி ஆகிவிட்டது. தவறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால் திருத்துவது பாதி வேலை. 223 பைட்டோடு 32 பைட் சேர்த்து 255 ஆக்கும் ரீட்-சாலமன் கோடு, எங்கே என்று தெரியாத 16 தவறுகளைத் திருத்தும். எங்கே என்று தெரிந்த விடுபடல்கள் என்றால் 32 வரை தாங்கும். சரியாக இரட்டிப்பு.

சரி, இப்போது ஒரே ஒரு நோடு மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்று தொலையும் சேனலில், எவ்வளவு கெட்டிக்காரத்தனமான கோடு போட்டாலும் 100 அனுப்பினால் சராசரியாக 90 துண்டுக்கு மேல் தகவல் போய்ச் சேராது. அது எலியாஸ் சேனலின் உச்சவரம்பு. வந்ததா வரவில்லையா என்ற பதில் உடனுக்குடன் கிடைத்து, வராததை மட்டும் திரும்ப அனுப்பினால் என்ன ஆகும்? ஒவ்வொரு துண்டுக்கும் சராசரியாக 1.11 முறை அனுப்ப வேண்டிவரும். 100 துண்டுக்கு 111. அதாவது உச்சவரம்பையே தொட்டுவிட்டீர்கள். கோடிங் இதைவிட ஒரு பாக்கெட்கூட மிச்சம் பிடித்துத் தர முடியாது. இதைப் பல பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை, அதனால் கோடிங் என்றாலே வேகம் கூடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பதில் அனுப்பும் பாதை மலிவாக இருக்கும் இடத்தில் கூடாது. உங்கள் வைஃபை ரவுட்டர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பதில் எதிர்பார்த்து, வராவிட்டால் திரும்ப அனுப்புகிறது. லேப்டாப் பத்து மீட்டரில் இருக்கிறது, பதில் வர மைக்ரோநொடிகள்தான் ஆகின்றன. அங்கே அதுவே சரியான வழி.

இப்போது 40 நோடுகளுக்கு வாருங்கள். ஒவ்வொரு நோடும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் 10 சதவீதம் இழக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு துண்டு 40 நோடுகளுக்கும் முதல் முறையிலேயே போய்ச் சேர, 0.9-ஐ 40 தடவை பெருக்க வேண்டும். கிடைப்பது 0.015. அதாவது 100 துண்டில் 98 அல்லது 99 துண்டு, யாரோ ஒரு நோடுக்காவது வராமல் போயிருக்கும். ஒவ்வொரு நோடும் 10 துண்டைத்தான் இழந்திருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு 10. எனவே முதல் சுற்று முடிந்ததும் ஏறக்குறைய முழு ஃபர்ம்வேரையும் மறுபடி அனுப்புகிறீர்கள். இரண்டாம் சுற்றுக்குப் பிறகும் 33 துண்டு பாக்கி இருக்கும், மூன்றாவதுக்குப் பிறகு 4. எல்லாம் கூட்டினால் சராசரியாக 236 பாக்கெட்.

அந்த இரண்டாம் சுற்றைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், வீண் எங்கே என்று தெரியும். 17-ஆம் துண்டை மறுபடி அனுப்பும்போது அது நாலு நோடுக்குத்தான் தேவை. மீதி 36 நோடுகள் ஏற்கெனவே கையில் இருப்பதை மறுபடி கேட்டுக்கொண்டு பேட்டரியைக் கரைக்கின்றன. லோரா ரிசீவர் விழித்திருக்க சுமார் 10 மில்லியாம்பியர் இழுக்கும், தூங்கும்போது மைக்ரோஆம்பியர் கணக்குத்தான். அப்டேட் நேரம் நீள்வது என்றால் 40 பேட்டரிகளும் சேர்ந்து கரைவது.

இதில் இன்னும் பதில் அனுப்பும் செலவைச் சேர்க்கவில்லை. எனக்கு எது எது வரவில்லை என்று 40 நோடுகளும் ஒவ்வொரு சுற்று முடிவிலும் சொல்ல வேண்டும். லோராவான் நோடுகள் யாரும் பேசுகிறார்களா என்று பார்க்காமல் பேசுபவை. ஒரே சமயத்தில் எல்லாரும் பேசினால் மோதல், அந்தப் பதில்களே தொலையும். அதைத் தவிர்க்க ஆளுக்கொரு நேரம் கொடுத்தால் சுற்று நீளும். வழக்கமான கேட்வேக்கள் அனுப்பும்போது கேட்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்டேட் ஓடும் நேரத்தில் அனுப்பப்படும் ஒவ்வொரு பாக்கெட்டும், அது காற்றில் இருக்கும் சுமார் மூன்றில் ஒரு பங்கு நொடிக்கு உங்கள் மண் ஈரத் தகவலுக்குக் காதை மூடுகிறது. சென்சார் நெட்வொர்க் உலகம் இதை 2004 வாக்கிலேயே நேருக்கு நேர் சந்தித்தது. சென்சார் நோடுகளுக்கான இயங்குதளமான டைனிஓஎஸ்-க்காக பெர்க்லியில் எழுதப்பட்ட டெல்யூஜ் என்ற புரோட்டோகால், துண்டுகளைப் பக்கங்களாகப் பிரித்து, வராததை மட்டும் கேட்டு வாங்கியது. நல்ல வடிவமைப்புதான், ஆனால் இழப்பு கூடும்போது கேட்டு வாங்கும் பேச்சே சேனலை நிரப்பியது. 2008-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அதே டெல்யூஜை எடுத்துக் கோடிங் சேர்த்து மாற்றியதற்குக் காரணம் அதுதான்.

கோடிங் இங்கே என்ன செய்கிறது? மிகச் சின்ன உதாரணத்திலிருந்து போவோம். ஒரு நோடுக்கு 17-ஆம் துண்டு இல்லை, 63 இருக்கிறது. இன்னொரு நோடுக்கு 63 இல்லை, 17 இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே அனுப்பாமல் 17-ஐயும் 63-ஐயும் பிட் பிட்டாக எக்ஸார் செய்து (இரண்டு பிட்டும் ஒன்றானால் 0, வேறானால் 1) ஒரே பாக்கெட்டாக அனுப்புங்கள். 17-ஆம் துண்டில் 1011, 63-ஆம் துண்டில் 0110 என்றால் காற்றில் போவது 1101. முதல் நோடு தன்னிடம் உள்ள 0110-ஐ அதோடு எக்ஸார் செய்தால் 1011 கிடைக்கும். இரண்டாவது நோடு 1011-ஐ வைத்து 0110-ஐ எடுத்துக்கொள்ளும். ஒரே பாக்கெட், இரண்டு வெவ்வேறு குறைகளைத் தீர்த்தது. பாக்கெட்டின் நீளம் ஒரு பிட்கூட நீளவில்லை.

இதே தந்திரத்தை எம்ஐடியில் 2006-ல் 20 நோடு கொண்ட வைஃபை நெட்வொர்க்கில் வேறு விதமாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். இரண்டு பேர் நடுவில் உள்ள ரிலே வழியாகப் பாக்கெட்டை மாற்றிக்கொள்ள நாலு முறை அனுப்ப வேண்டும். ரிலே இரண்டையும் எக்ஸார் செய்து ஒரே முறை ஒலிபரப்பினால் மூன்றோடு முடிந்துவிடும். நெட்வொர்க் கோடிங் என்ற துறைக்கு 2000-ல் அல்ஸ்வீட், காய், லீ, யங் நால்வரும் எழுதிய கட்டுரை அடித்தளம் போட்டது. உங்கள் நோடுகள் ஒன்றுக்கொன்று ரிலே செய்வதில்லை என்பதால் இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

நம் 40 நோடுகளில் யாருக்கு எது இல்லை என்று தெரிந்துகொண்டு ஜோடி சேர்ப்பதும் பதில் கேட்கும் வேலைதான். அதைக் கேட்காமலே செய்ய முடிந்தால் நல்லது. முடியும். ஒவ்வொரு கூடுதல் பாக்கெட்டுக்கும் 100 துண்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு பாதியை, ஏறக்குறைய 50 துண்டுகளை, எடுத்து எக்ஸார் செய்து அனுப்புங்கள். அடுத்த பாக்கெட்டுக்கு வேறொரு பாதி. நோடைப் பொறுத்தவரை இப்படி வரும் ஒவ்வொன்றும் ஒரு சமன்பாடு. தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் துண்டுகளை அதிலிருந்து கழித்துவிட்டால், மிச்சம் இருப்பது வராத 10 துண்டுகள் மட்டுமே கலந்த சமன்பாடு. 10 தெரியாத எண், 10 சமன்பாடு, தீர்த்துவிடலாம். ஒரு நோடு 3, 17, 40 இழந்திருக்கலாம், இன்னொன்று 8, 63, 91 இழந்திருக்கலாம். இரண்டுக்கும் அதே கூடுதல் பாக்கெட் உதவும். எந்தத் துண்டு தொலைந்தது என்ற கேள்வியே இல்லாமல் போய், எத்தனை வந்தது என்பது மட்டும் மிஞ்சுகிறது. கோடிங்கின் பலன் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு சின்னச் சிக்கல்: கண்ணை மூடி எடுத்த சமன்பாடுகள் சில சமயம் ஒன்றையொன்று சார்ந்துவிடும். தேவையான எண்ணிக்கை சரியாக வந்தும் தீர்க்க முடியாமல் போகலாம். எக்ஸார் மட்டும் பயன்படுத்தும்போது, சரியாகத் தேவையான அளவே வந்தால் தீர்வு கிடைக்கும் வாய்ப்பு 29 சதவீதம்தான். கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் கூடுதலாக வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் தோல்வி வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாக்குகிறது. 10 கூடுதலாக வந்தால் ஆயிரத்தில் ஒன்று. சராசரியாகப் பார்த்தால் 1.6 பாக்கெட் கூடுதலாகத் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். பிட்டுக்குப் பதில் பைட்டை அலகாக எடுத்து, 256 உறுப்புகள் கொண்ட கலுவா புலத்தில் (விடை எப்போதும் ஒரு பைட்டுக்குள்ளேயே அடங்கும் தனிக் கணக்கு முறை) பெருக்கிக் கூட்டினால் இந்தச் சிக்கலும் கிட்டத்தட்ட மறைந்துவிடும். தேவையான அளவு வந்த உடனே 99.6 சதவீதம் தீர்ந்துவிடும்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 40 நோடுகளும் 99 சதவீத உறுதியோடு முழு ஃபர்ம்வேரையும் பெற, பைட் கணக்கு முறையில் மொத்தம் 125 பாக்கெட் அனுப்ப வேண்டும். வெறும் எக்ஸாரில் 130. திரும்ப அனுப்பும் முறையின் 236-ஓடு ஒப்பிடுங்கள், அதில் பதில்களின் செலவு வேறு சேர்க்கப்படவில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: 400 நோடுகள் இருந்தாலும் எக்ஸார் முறைக்கு 130 என்பது 140-ஐத் தாண்டாது. நோடு கூடக் கூட மிக மோசமான நோடின் இழப்பு கொஞ்சம்தான் ஏறும், நம் எண்ணிக்கை அதை மட்டுமே பின்தொடர்கிறது. திரும்ப அனுப்பும் முறை அப்படி இல்லை.

125-க்கும் 130-க்கும் வித்தியாசம் ஐந்து பாக்கெட். இதற்காக மைக்ரோகன்ட்ரோலரில் கலுவா புலப் பெருக்கல் அட்டவணையைச் சுமக்க வேண்டுமா? என் அபிப்பிராயத்தில் வேண்டாம். எக்ஸார் எந்த சிப்பிலும் ஒரே கட்டளையில் முடியும், பிழை கண்டுபிடிப்பதும் சுலபம்.

அப்படியானால் பெயர் பெற்ற கோடுகள் எதற்கு? ரீட்-சாலமன், 1960-ல் இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் எழுதியது, எரேஷர் வேலைக்குக் கச்சிதமானது. இரண்டு புள்ளி கிடைத்தால் ஒரு நேர்கோடு முடிவாகிவிடும், மூன்று கிடைத்தால் பரவளையம். அதுபோல 100 துண்டுகளை வைத்து 99-ஆம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றை அமைத்து, அதன் மேல் எத்தனை புள்ளி வேண்டுமானாலும் எடுத்து அனுப்பலாம். எந்த 100 புள்ளி வந்தாலும் போதும், சார்ந்துவிடும் சிக்கலே கிடையாது. கடையில் ஸ்கேன் செய்யும் க்யூஆர் கோடு கொஞ்சம் கிழிந்திருந்தாலும் வேலை செய்வது இதனால்தான். ஆனால் பைட் கணக்கில் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 256-ல் நின்றுவிடும். துண்டு 100 என்றால் இடம் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் போனால் பிளாக் பிளாக்காகப் பிரிக்க வேண்டும். பிரித்தால் ஒரு பிளாக்குக்கு வந்த உபரி இன்னொரு பிளாக்கின் குறையைத் தீர்க்காது.

அந்த எல்லையை உடைத்தவை ஃபவுண்டன் கோடுகள். நீரூற்றில் குவளை பிடிப்பவர் எந்தத் துளி என்று பார்ப்பதில்லை, குவளை நிறைந்தால் நகர்ந்துவிடுவார். பெயர் அங்கிருந்து வந்தது. மைக்கேல் லூபி 2002-ல் வெளியிட்ட எல்டி கோடு முதல் நடைமுறை வடிவம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் பாதித் துண்டுகளைக் கலக்காமல், பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் கலக்கும், எப்போதாவது நிறைய. ஒரே துண்டு உள்ள பாக்கெட்டிலிருந்து தொடங்கி, அதை மற்றவற்றிலிருந்து கழித்துக் கழித்து, சமன்பாடுகளை மொத்தமாகச் சேர்த்துத் தீர்க்காமலே வரிசையாக அவிழ்த்துக்கொண்டு போகலாம். பத்தாயிரக்கணக்கான துண்டுகள் இருந்தாலும் வேகமாக முடியும். அமின் ஷொக்ரொல்லாஹி அதற்கு முன்னால் இன்னொரு கோடைச் சேர்த்து ராப்டர் ஆக்கினார். அதன் அடுத்த வடிவமான ராப்டர்க்யூ 2011-ல் ஆர்எஃப்சி 6330 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்தது. தேவையான அளவு வந்த உடனே 99 சதவீதம், ஒன்று கூடுதலாக வந்தால் 99.99 சதவீதம் தீரும். மொபைல் நெட்வொர்க்குகளின் ஒலிபரப்புச் சேவைக்கான 3ஜிபிபி தரநிலையில் ராப்டர் இடம்பெற்றிருக்கிறது.

இவ்வளவும் சொன்னது, எல்டி கோடை உங்கள் வேலைக்கு எடுக்காதீர்கள் என்று சொல்லத்தான். துண்டு 100 மட்டுமே இருக்கும்போது அதன் அவிழ்க்கும் முறை பாதியில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும், கூடுதல் பாக்கெட் தேவை பைட் கணக்கு முறையைவிடப் பல மடங்காகிவிடும். அது பெரிய கோப்புகளுக்கானது. 100 துண்டுக்குக் கண்ணை மூடி எக்ஸார் செய்து, ஒரு சமன்பாட்டை இன்னொன்றிலிருந்து கழித்துத் தெரியாத எண்களை ஒவ்வொன்றாக நீக்கும் காஸ் நீக்கல் முறையில் தீர்ப்பதே நல்லது. 10 அல்லது 20 தெரியாத எண்களைத் தீர்ப்பது எந்த மைக்ரோகன்ட்ரோலருக்கும் நொடிக்கும் குறைவான வேலை.

இதையேதான் லோராவான் தரநிலையை வகுக்கும் லோரா அலையன்ஸும் செய்திருக்கிறது. ஃபர்ம்வேரைக் காற்றில் அனுப்புவதற்காக 2018-ல் அவர்கள் வெளியிட்ட துண்டாக்கல் விவரக்குறிப்பில், முதலில் மூலத் துண்டுகள் அப்படியே போகும், அதன் பிறகு ஏறக்குறையப் பாதித் துண்டுகளை எக்ஸார் செய்த கூடுதல் பாக்கெட்டுகள் போகும். நீங்கள் லோராவான் சர்வர் வைத்திருந்தால் புதிதாக எதுவும் எழுதாமல் அதையே பயன்படுத்துங்கள், ஒரே பாக்கெட்டைப் பல நோடுகள் சேர்ந்து கேட்கும் மல்டிகாஸ்ட் குழு அமைப்பதற்கும் தனி விவரக்குறிப்பு உண்டு. லோராவான் இல்லாமல் வெறும் லோராவில் எழுதுகிறீர்கள் என்றால் கீழே சொல்பவை உதவும்.

மூலத் துண்டுகளை முதலில் அப்படியே அனுப்புங்கள். எல்லாவற்றையும் கலந்து அனுப்பினாலும் கணக்குப்படி வேலை செய்யும், ஆனால் அப்போது 100 தெரியாத எண்களுக்கான அணியை நினைவகத்தில் வைக்க வேண்டும், கடைசிப் பாக்கெட் வரும் வரை ஒரு பைட்டும் கையில் இருக்காது. மூலத்தை அப்படியே அனுப்பினால் வந்தது நேராக ஃப்ளாஷில் உட்கார்ந்துவிடும். அணி தொலைந்தவற்றுக்கு மட்டும். ஒரு நோடு 30 துண்டு வரை இழக்கலாம் என்று இடம் விட்டால் 30-க்கு 30 பிட், அது 113 பைட்டில் அடங்கிவிடும்.

எந்தெந்தத் துண்டைக் கலந்தோம் என்பதைப் பாக்கெட்டிலேயே எழுதினால் 100 பிட், அதாவது 13 பைட் போய்விடும். அதற்குப் பதில் 2 பைட்டில் பாக்கெட் எண்ணை மட்டும் அனுப்பி, அந்த எண்ணையே விதையாக வைத்து இரு பக்கமும் ஒரே போலி ரேண்டம் வரிசையை உருவாக்கிக்கொள்ளுங்கள். அதற்கு லைப்ரரியில் உள்ள ராண்ட் ஃபங்ஷனைத் தொடாதீர்கள். சர்வரில் ஒரு கம்பைலர், நோடில் ஒரு கம்பைலர், இரண்டும் வேறு வேறு எண் தரும். பிட்டுகளை நகர்த்தி நகர்த்தி எண் உருவாக்கும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஒன்றைப் பத்து வரியில் நீங்களே எழுதிவிடுங்கள்.

ஃப்ளாஷ் விஷயத்தில் கவனம். காஸ் நீக்கலைப் பாடப்புத்தகம் சொல்வதுபோல் வரிகளை மாற்றி மாற்றி எழுதிச் செய்தால், 200 பைட் தரவையும் ஒவ்வொரு முறையும் ஃப்ளாஷில் திருத்தி எழுத வேண்டிவரும். ஃப்ளாஷில் ஒரு பைட்டை மாற்ற முழுப் பக்கத்தையும் அழிக்க வேண்டும். எந்த வரியை எதோடு எக்ஸார் செய்வது என்பதை முதலில் ராமில் உள்ள சின்ன அணியை வைத்து முடிவு செய்துகொண்டு, தரவை ஒரே ஒரு முறை எழுதுங்கள்.

பாதுகாப்புக் கோணத்தில் கோடிங்குக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு தவறான பாக்கெட் உள்ளே நுழைந்துவிட்டால் அது தன்னோடு நிற்காது, அதை வைத்துத் தீர்த்த எல்லாத் துண்டுகளையும் கெடுக்கும். அதனால் பாக்கெட் அளவில் சரிபார்ப்பு கட்டாயம், முழு ஃபர்ம்வேருக்கும் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். கையொப்பம் சரியாக இருந்தால்தான் புது ஃபர்ம்வேருக்கு மாற வேண்டும், அதுவரை பழையது தனி இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும்.

என் கணக்கில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: இழப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்பது. நிஜத்தில் இழப்பு கொத்துக் கொத்தாக வரும். பக்கத்தில் எதுவோ கத்தினால் அடுத்தடுத்து ஐந்தாறு பாக்கெட் போகும். எத்தனை வந்தது என்பது மட்டுமே முக்கியம் என்பதால் கொத்தான இழப்பு இந்த முறையை அவ்வளவாகப் பாதிக்காது, ஆனால் மோசமான நோடின் எண்ணிக்கை கூடும். 125, 130 என்று இறுக்கிப் பிடிக்காமல் 150 வரை இடம் விடுங்கள். எஸ்எஃப் (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர், கூட்டினால் வேகம் குறைந்து தூரம் கூடும் லோரா செட்டிங்) 7, 125 கிலோஹெர்ட்ஸ் என்றால் 200 பைட் பாக்கெட் காற்றில் இருப்பது சுமார் 0.34 நொடி, 150 பாக்கெட்டுக்கு 51 நொடி. இந்தியாவின் 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஐரோப்பாவின் பெரும்பாலான சேனல்களுக்கு உள்ளதுபோல 1 சதவீத நேரக் கட்டுப்பாடு இல்லை. இருந்தால் அதே 51 நொடி ஒன்றரை மணி நேரமாக நீண்டுவிடும். அங்கே கோடிங்கின் மதிப்பு இன்னும் கூடுதல்.

கோடிங் காப்பாற்றாத இடங்களும் உண்டு. ஒரே ஒரு நோடு மட்டும் தோப்பின் கடைசியில், பம்ப் செட் அறைக்குப் பின்னால் இருந்து 60 சதவீதம் இழக்கிறது என்றால், அதற்காக 250-க்கும் மேல் பாக்கெட் அனுப்ப வேண்டிவரும், மீதி 39 நோடுகளும் அதற்காகக் காத்திருக்கும். அந்த நோடின் ஆண்டெனாவை ஒரு மீட்டர் உயர்த்துங்கள், இல்லையென்றால் அதைத் தனியாக எஸ்எஃப் 10-ல் அப்டேட் செய்யுங்கள். எஸ்எஃப் ஒரு படி ஏறினால் சுமார் 2.5 டெசிபல் கிடைக்கும். 

எதிர்த்திசையில், அதாவது நோடுகள் அனுப்பும் ஈர அளவுகளில், நிலைமை வேறு. அங்கே இழப்புக்குப் பெரிய காரணம் நோடுகள் ஒன்றோடொன்று மோதுவது. கூடுதல் பாக்கெட் அனுப்பினால் மோதல் கூடும், இழப்பும் கூடும். அதற்குப் பாக்கெட்டைக் கூட்டாமல், ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய இரண்டு அளவுகளையும் சேர்த்து வைத்துவிடுங்கள். அளவு ஒன்றுக்கு 2 பைட், கூடுதல் செலவு 4 பைட். மூன்று பாக்கெட் தொடர்ந்து தொலைந்தால்தான் ஒரு அளவு உண்மையிலேயே காணாமல் போகும். மண் ஈரம் மணிக்கணக்கில் மெதுவாக மாறுவது, இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

மொபைல் போனில் இதெல்லாம் எப்படி என்று கடைசியாக ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அங்கே இரண்டையும் கலந்துவிட்டார்கள். பாக்கெட் கெட்டுப்போனால் 4ஜி, 5ஜி போன்கள் அதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளும். பேஸ் ஸ்டேஷன் இரண்டாம் முறை அதே பாக்கெட்டை அப்படியே அனுப்பாமல், முதல் முறை அனுப்பாத வேறு பாரிட்டி பிட்டுகளை, அதாவது பிழைதிருத்தத்துக்கான கூடுதல் பிட்டுகளை, அனுப்பலாம். அரைகுறையான இரண்டையும் சேர்த்துப் போன் தீர்த்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் கோடு 4ஜியில் டர்போ, 1993-ல் ஜெனீவா மாநாட்டில் பெரூவும் கிளாவியூவும் சகாக்களும் அறிவித்தபோது எந்தக் கோடும் தாண்ட முடியாத ஷானன் எல்லைக்கு இவ்வளவு பக்கத்திலா என்று பலர் நம்பவே இல்லை. 5ஜியில் தரவுக்கு எல்டிபிசி, கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு அரிகானின் போலார் கோடு. எல்டிபிசி ராபர்ட் கேலகர் 1960-ல் எம்ஐடியில் செய்த முனைவர் ஆய்வு. அன்றைய கணினிகளுக்கு அது தாங்காத சுமை என்பதால் முப்பது ஆண்டுக்கும் மேல் கிட்டத்தட்ட யாரும் தொடாமல் கிடந்தது.

உங்கள் வேலைக்குத் திரும்பினால், புரோகிராம் எழுதும் முன் ஒரு நாள் 200 வெற்றுப் பாக்கெட்டுகளை வரிசை எண்ணோடு ஒலிபரப்பி, எந்த நோடுக்கு எது வந்தது என்று ஒவ்வொன்றிலும் 25 பைட் பிட்மேப்பாகச் சேமித்து, சாவகாசமாக வாங்கிப் பாருங்கள். 40 வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இழப்பு தனித்தனியா, எல்லாருக்கும் ஒரே நேரத்திலா என்பது தெரிந்துவிடும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகிறது என்றால் கோளாறு கேட்வே பக்கம், அதை முதலில் சரிசெய்யுங்கள். தனித்தனி என்றால் மேலே சொன்ன எக்ஸார் முறைக்குப் போகலாம், கூடுதல் பாக்கெட் எத்தனை என்பதை அந்த வரிசைகளில் மிக மோசமான நோடை வைத்து முடிவு செய்யுங்கள்.